கருப்பு ஆண்கள், வெள்ளைப் பெண்கள்: கிரேக்க ஓவியத்தில் பெண்ணுடல்

ஒரு பழைய கிரேக்கச் சாடியின் புகைப்படம். போர்வீரன் கன்னங்கரேலென்று நிற்கிறான். அவன் ஈட்டிக்குக் கீழே சரிந்துகொண்டிருக்கும் பெண்ணின் முகமும் கைகளும் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருக்கின்றன. முதல்முறை பார்ப்பவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் எழுவது இயல்பு. இவர்கள் இருவேறு இனத்தவரா? கிரேக்கப் பெண்கள் உண்மையிலேயே அவ்வளவு வெளுப்பாக இருந்தார்களா? இரண்டுமே சரியில்லை. அருங்காட்சியகத்தில் அடுத்த கூடத்துக்குப் போனால் குழப்பம் இன்னும் கூடும். சில பத்தாண்டுகள் பிந்திய சாடிகளில் ஆணும் பெண்ணும் ஒரே செம்மண் நிறத்தில் இருக்கிறார்கள். ஆடையில்லாத பெண்களோ மல்யுத்த வீரனின் உடம்பில் மார்பகங்களை ஒட்டவைத்ததுபோலத் தெரிகிறார்கள்.

ஓவியர்களுக்குக் கைவரவில்லை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. குதிரையின் கால் நரம்பைக்கூடத் துல்லியமாக வரைந்தவர்கள் அவர்கள். களிமண், சூளை, குடிவிருந்து, திருமணம், சாவு ஆகியவை சேர்ந்துதான் அந்தப் பெண்ணுடலுக்கு வடிவம் கொடுத்தன. அக்காலப் பெண்கள் எப்படி இருந்தார்கள் என்று இந்த ஓவியங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்வது கடினம். அவர்களை யார், எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

எஞ்சியிருப்பது எது?

கிரேக்கர்கள் ஓவியம் என்று பெருமையோடு பேசியது மரப்பலகையிலும் சுவரிலும் வரைந்தவற்றைப் பற்றி. அவை ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிட்டன. விதிவிலக்காக, 1930களில் பிட்சா என்ற இடத்துக்கு அருகிலுள்ள குகை ஒன்றில் சில சிறு மரப்பலகைகள் கிடைத்தன. கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவற்றில் ஒன்றில், வனதேவதைகளுக்குப் பலியிட ஒரு குடும்பம் ஊர்வலமாகப் போகிறது. ஸியூக்சிஸ், அப்பெலீஸ் போன்ற பெரிய ஓவியர்களின் படைப்புகளைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் எழுத்து வழியாகத்தான். அதில் முதன்மையானது, கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ரோமானியர் ப்ளினி எழுதிவைத்தது.

மிஞ்சியவை மண்பாண்டங்கள். சுட்ட மண் உடையும், மக்காது. அவற்றைச் சான்றாகக் கொள்ளும்போது மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது.

1. இவை புழங்குவதற்குச் செய்த பாத்திரங்கள். மது கலக்க ஒன்று, நீர் சுமக்க ஒன்று, நகை வைக்கும் சிமிழ் ஒன்று, கல்லறையில் வைக்கும் தைலக் குப்பி ஒன்று. எந்தப் பாத்திரம் என்பதைப் பொறுத்தே அதன்மேல் எந்தப் பெண் வருவாள் என்பதும் அமைந்தது.

2. கையெழுத்திட்ட ஓவியர்கள் சிலரே. ‘ஆண்டோகிடீஸ் ஓவியர்’ என்பது போன்ற பெயர்கள் நம் காலத்து அறிஞர்கள் இட்டவை. ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் பீஸ்லி காது மடலையும் கணுக்காலையும் வரைந்திருக்கும் விதத்தை ஒப்பிட்டு, ஒரே கையில் பிறந்த பாண்டங்களை இனம்பிரித்தார். ஆண்டோகிடீஸ் என்ற குயவரோடு வேலை செய்த பெயர் தெரியாத மனிதர் அப்படித்தான் ஒரு பெயர் பெற்றார்.

3. ஏதென்ஸில் செய்த பாண்டங்களில் நன்றாக எஞ்சியவை பல, இத்தாலியில் எத்ருஸ்கர் என்ற பழைய இனத்தவரின் கல்லறைகளிலிருந்து வந்தவை. கடல் கடந்து விற்ற சரக்கு அது. அதிலுள்ள ஒவ்வொரு காட்சியையும் ஏதென்ஸ் வீட்டின் நிழற்படமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெள்ளைத் தோல் எப்படி வந்தது?

கி.மு. 750ஐ ஒட்டிய காலத்தில் ஏதென்ஸின் டிபிலோன் இடுகாட்டில் ஆளுயரச் சாடிகளை நடுகல்லைப்போலக் கல்லறைமேல் நிறுத்தினார்கள். அவற்றில் மிகப் புகழ்பெற்றதன் உயரம் 1.55 மீட்டர். பிணத்தைக் கிடத்தி, சுற்றி நின்று தலையில் கைவைத்து அழும் காட்சி அதில் இருக்கிறது. உருவங்கள் எல்லாம் கரிய நிழல்கள். மார்பு ஒரு முக்கோணம், கால்கள் இரு கோடுகள். இத்தகைய ஓவியங்களில் பெண் என்று காட்ட வேண்டுமானால் அக்குளுக்குக் கீழே இரண்டு சிறு கீற்றுகளை இழுத்தார்கள், அல்லது நீண்ட பாவாடையை வரைந்தார்கள். தோல் நிறத்தில் வேறுபாடு கிடையாது. துக்கத்தில் எல்லோரும் ஒரே கருப்பு.

வெள்ளை இதற்குப் பிறகுதான் பாண்டங்களுக்கு வருகிறது. பழைய உலகில் அது புதிய எண்ணம் இல்லை. எகிப்தியர் ஆணைச் செம்பழுப்பாகவும் பெண்ணை வெளிர் நிறத்திலும் தீட்டினார்கள். டிரின்ஸ் போன்ற வெண்கலக் கால அரண்மனைச் சுவர்களிலும் பெண்கள் வெள்ளையாகவே இருக்கிறார்கள். ஆனால் ஏதென்ஸ் குயவர்கள் அதைத் தங்கள் சூளையின் வழியாகச் செய்ய வேண்டியிருந்தது.

‘கரு உருவ முறை’ என்பது கொரிந்தில் கி.மு. 700 அளவில் தோன்றி, பின்னர் ஏதென்ஸில் வளர்ந்தது. ஓவியர் பயன்படுத்திய கருப்பு, தனி வண்ணமே இல்லை. பாண்டத்தின் அதே செம்மண்ணை நீரில் கரைத்து, தெளியவைத்து, மிக நுண்ணிய பகுதியை மட்டும் எடுத்த குழம்பு. அது கருப்பானது சூளையில்:

1. முதலில் காற்றைத் தாராளமாக உள்ளே விட்டுச் சுடுவார்கள். மண்ணிலுள்ள இரும்பு, காற்றோடு சேர்ந்து பாண்டம் முழுவதையும் சிவப்பாக்கும்.

2. பிறகு துளைகளை அடைத்து, பச்சை விறகைப் போட்டுப் புகையவிடுவார்கள். காற்றில்லாத அந்த வெப்பத்தில் பாண்டமும் குழம்பும் சேர்ந்து கருக்கும். நுண்ணிய குழம்பு மட்டும் உருகிக் கண்ணாடிபோல இறுகிவிடும்.

3. மீண்டும் துளைகளைத் திறப்பார்கள். வெறும் மண் மறுபடி சிவக்கும். இறுகிப்போன குழம்புக்குள் காற்று புகாது. அது கருப்பாகவே நின்றுவிடும்.

ஆணின் கரிய உடல் இப்படி வந்தது. நுனி கூரான கருவியால் அதன்மேல் கீறித் தசையும் தாடியும் வரைந்தார்கள். பெண்ணின் முகம், கை, கால் வரும் இடங்களில் மட்டும், இரும்புச் சத்து குறைந்த வெண்மண்ணைக் கருப்பின் மேல் பூசினார்கள். அந்த வெள்ளை சரியாக ஒட்டாது. அதனால்தான் இன்று பல சாடிகளில் பெண்களின் முகம் உதிர்ந்து, அடியிலுள்ள கருப்பு எட்டிப் பார்க்கிறது.

நிறத்தோடு கண்ணும் மாறியது. ஆணின் கண் வட்டம், பெண்ணின் கண் பாதாம் வடிவம். ஒரே மண்டை ஓட்டுக்குள் இரண்டு வகைக் கண்கள் இருக்க முடியாது. ஆகவே இவை பார்த்து வரைந்தவை அல்ல, படிப்பதற்கான குறிகள்.

அந்தக் குறி சொன்ன பொருள் என்ன? ஹோமர் ஹீராவை ‘வெண்கைத் தேவி’ என்று அழைக்கிறார். வெயில் படாத கை, வீட்டுக்குள் இருக்கும் கை. கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஸெனஃபோன் எழுதிய குடும்ப நிர்வாக நூலில் இஸ்கோமாக்கஸ் என்பவர், பெண்ணை வீட்டுக்குள்ளும் ஆணை வெளிவேலைக்குமாகக் கடவுள் படைத்தார் என்கிறார். அவருடைய இளம் மனைவி முகத்தை வெளுப்பாக்க ஈயவெள்ளை பூசிக்கொண்டு வந்து நிற்பதும் அதே நூலில் வருகிறது. இயல்பிலேயே வெளுப்பு என்றால் ஈயத்தைக் குழைத்துப் பூச வேண்டிய தேவை என்ன?

ஓவியங்களே இந்தக் குறியின் பொய்யைக் காட்டிக்கொடுக்கின்றன. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த தண்ணீர்க் குடங்களில் பெண்கள் ஊற்று மண்டபத்தில் வரிசையில் நின்று நீர் பிடிக்கிறார்கள். வெயிலில் குடம் சுமந்து நடக்கும் அவர்களுக்கும் அதே வெள்ளைத் தோல். தொடக்கத்தில் சொன்ன சாடி, எக்ஸீகியாஸ் கி.மு. 540–530 அளவில் செய்தது. இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகிலீஸின் ஈட்டியால் சாகும் அந்தப் பெண், அமேசான்கள் என்ற புராணப் போர்ப்பெண்களின் அரசி பெந்தெசிலியா. வாழ்நாள் முழுவதும் போர்க்களத்தில் நின்றவள். அவளுக்கும் வெள்ளை. அகிலீஸின் முகத்தைக் கவசம் மூடியிருக்கிறது. அவளுடைய தலைக்கவசமோ முகத்தைத் திறந்துவிட்டிருக்கிறது. வெற்றுக் கண்ணோடு அவள் மேலே பார்க்கிறாள். வெள்ளை, அவள் யார் என்பதைச் சொல்லும் வேலையோடு நிற்கவில்லை, எங்கே குத்தலாம் என்பதையும் காட்டுகிறது. கிரேக்கப் பாண்ட ஓவியத்தில் இதைவிட வேதனையான படத்தை நான் பார்த்ததில்லை.

நிறம் போனது, உடல் வந்தது

கி.மு. 525 அளவில் ஏதென்ஸில் யாரோ முறையைத் தலைகீழாக்கினார்கள். பின்னணிக்குக் கருப்பைப் பூசி, உருவங்களை மண் நிறத்திலேயே விட்டார்கள். இது ‘செவ்வுருவ முறை’. கீறுவதற்குப் பதிலாகத் தூரிகையால் கோடு இழுத்தார்கள். தசையின் வளைவு, துணியின் மடிப்பு எல்லாம் கைக்கு எட்டின.

விளைவு ஒன்று பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. வெள்ளைக்கு இனி இடமில்லை. ஆணும் பெண்ணும் ஒரே செம்மண். பல தலைமுறைகளாக நிறத்தை வைத்தே பெண்ணை அடையாளம் காட்டியவர்கள், இப்போது உடலை வைத்துக் காட்ட வேண்டும்.

அந்தத் தடுமாற்றம் பாண்டங்களிலேயே பதிவாகியிருக்கிறது. புதிய முறையின் முன்னோடியாகக் கருதப்படும் ஆண்டோகிடீஸ் ஓவியர், இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு சாடியின் ஒரு பக்கத்தில் நீந்திக் குளிக்கும் பெண்களையும், மறுபக்கத்தில் போருக்குத் தயாராகும் அமேசான்களையும் வரைந்தார். உருவங்களுக்கு மட்டும் அவர் வெண்குழம்பு பூசினார். வெள்ளையை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை.

அடுத்த தலைமுறையில் யூஃப்ரோனியோஸ் வருகிறார். கி.மு. 505 அளவில் அவர் வரைந்த மது குளிர்விக்கும் சாடி செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆடையில்லாத நான்கு பெண்கள் மெத்தையில் சாய்ந்து குடிக்கிறார்கள். ஒவ்வொருத்தி அருகிலும் பெயர் எழுதியிருக்கிறது. ஸ்மிக்ரா என்பவள் கிண்ணத்தின் கடைசிச் சொட்டு மதுவைச் சுழற்றி, ‘லியாக்ரோஸ், இதை உனக்காக வீசுகிறேன்’ என்கிறாள். அந்த வாசகமும் சாடியிலேயே இருக்கிறது. அவர்களுடைய உடலைப் பாருங்கள்: அகன்ற தோள், ஒடுங்கிய இடுப்பு, இறுகிய வயிறு. விளையாட்டுப் பயிற்சிக்கூடத்தில் ஓவியர் அன்றாடம் பார்த்த இளைஞனின் உடல் அது.

காரணம் எளிது. ஏதென்ஸின் ஆண்கள் பயிற்சிக்கூடத்தில் ஆடையில்லாமல் ஓடினார்கள், மல்லுக்கு நின்றார்கள். அந்த உடலை எல்லோரும் பார்த்தார்கள், புகழ்ந்தார்கள், அளவிட்டார்கள். மனித உடல் என்றாலே ஓவியரின் கை பழகியிருந்தது அதற்குத்தான். பெண்ணுடலுக்கென்று தனி அளவு அவர்களிடம் இல்லை.

ஆடையில்லாமல் வரையப்பட்ட பெண் யார்?

ஆணின் ஆடையின்மை பெருமை. வீரனும் தேவனும் அப்படித்தான் நின்றார்கள். பெண்ணுக்கு அது வேறு பொருள் தந்தது. ஐந்தாம் நூற்றாண்டின் முற்பாதி வரை அப்படி வரையப்பட்ட பெண்களைப் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடக்கலாம்.

1. குடிவிருந்தின் பெண். ‘சிம்போசியம்’ என்பது ஆண்கள் சாய்ந்து படுத்து மது அருந்தும் இரவு விருந்து. குடிமகனின் மனைவி அங்கே வரமாட்டாள். வந்தவர்கள் குழலூதும் அடிமைப் பெண்களும், ‘ஹெட்டைரா’ என்ற பெண்களும். அச்சொல்லுக்குத் தோழி என்று பொருள். நடைமுறையில் பணம் கொடுத்து அழைக்கப்பட்டவர்கள். சாடியும் கிண்ணமும் ஆண்களின் கையில் சுற்றிவந்தன, படங்களும் அவர்கள் கண்ணுக்காகவே தீட்டப்பட்டன.

2. காப்பாற்ற ஆளில்லாத பெண். இப்போது நேப்பிள்ஸில் உள்ள ஒரு தண்ணீர்க் குடத்தில், கி.மு. 480 அளவில் கிளியோஃப்ராடீஸ் ஓவியர் டிராய் நகரம் வீழ்ந்த இரவை வரைந்தார். டிராய் இளவரசி கசாண்ட்ரா அதீனா தேவியின் சிலையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். கிரேக்க வீரன் ஏயாஸ் அவளை இழுக்கிறான். அந்தக் கூட்டத்தில் ஆடையிழந்து நிற்கும் பெண் அவள் ஒருத்திதான். அதே குடத்தில் இன்னொரு டிராய்ப் பெண், முழுதாக உடுத்தியவள், உலக்கையை ஓங்கிக்கொண்டு ஒரு கிரேக்க வீரன்மேல் பாய்கிறாள். உடை இருக்கும் கைக்கு ஆயுதம் இருக்கிறது.

உடுத்திய பெண்களையும் எளிதாகப் படித்துவிட முடியாது. நூல் நூற்கும் பெண் ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். எதிரே பணப்பையோடு ஓர் ஆண். செவ்வுருவப் பாண்டங்களில் இப்படிப்பட்ட காட்சிகள் பல. நூற்பது நல்ல மனைவியின் அடையாளம். பணப்பையோ விலைபேசுதலின் அடையாளம். அவள் ஹெட்டைரா என்பார் சிலர். குடும்பச் செலவுக்குப் பணம் தரும் கணவன் என்பார் வேறு சிலர். விலைமாதர் இல்லங்களிலும் பகலில் நூல் நூற்றிருக்கலாம். நல்ல பெண், கெட்ட பெண் என்று ஓவியர் கோடு கிழித்து வைத்திருந்தார் என்ற நம் எதிர்பார்ப்பே தவறாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

பெண்களின் கையில் இருந்த பாத்திரங்கள்

ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின், பெண்கள் புழங்கிய பாத்திரங்களில் ஓவியத்தின் சாயல் மாறுகிறது. மணநீர்க் குடம், மணச்சாடி, நகைச் சிமிழ் ஆகியவற்றில் மணப்பெண் குளிக்கிறாள், தலை வாருகிறாள், தோழியர் பரிசுகளோடு வருகிறார்கள். ஆடையில்லாத உடல் இங்கே இழிவிலிருந்து விலகி, திருமணத்தின் அழகாகிறது. குளியல் காட்சிகளை நிறைய வரைந்ததால் ‘குளியல் ஓவியர்’ என்றே ஒருவருக்குப் பெயர்.

கம்பளி இழைக்கும்போது தொடையின்மேல் கவிழ்த்துக்கொள்ளும் கூரை ஓடு போன்ற மண்கவசம் ஒன்று உண்டு. எரெட்ரியா ஓவியர் தீட்டிய அத்தகைய கவசம் ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அல்செஸ்டிஸ் தன் மணவறையின் கட்டிலில் சாய்ந்து நிற்கிறாள். கணவனுக்காக உயிரைக் கொடுக்கப்போகும் பெண். உழைக்கும் பெண்ணின் மடியில் வைக்கும் பொருளில் இந்தக் கதையைத் தீட்டியது பாராட்டா, பாடமா?

கல்லறைக்கென்று செய்த தைலக் குப்பிகள் ‘வெண்தள முறை’யில் அமைந்தவை. குப்பியின் உடல் முழுவதும் வெள்ளை. தொடக்கத்தில் அந்த வெள்ளைமேல் இன்னும் வெளுத்த இரண்டாம் வெள்ளையைப் பெண்ணின் தோலுக்குப் பூசினார்கள். அகிலீஸ் ஓவியர் தம் பிற்காலத்தில் அதைக் கைவிட்டார். மெல்லிய கோடு ஒன்றே முகமானது. கையில் பெட்டியோடு நிற்கும் தலைவி, எதிரே பணிப்பெண். இருவரில் இறந்தவள் யார், அழுபவள் யார் என்றே தெரியாத அமைதி. பெண்ணுக்குத் தனி நிறம் தேவையில்லை என்று கிரேக்க ஓவியம் உணர்ந்த இடம் இதுதான். அது நிகழச் சாவு வேண்டியிருந்தது.

முதுமை மட்டும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. குடிமகனின் மனைவிக்கு இந்த ஓவியங்களில் வயதாவதே அரிது. சுருக்கமும் கூனும் பெரும்பாலும் அடிமைச் செவிலிக்குத்தான். கி.மு. 470 அளவில் பிஸ்டோக்ஸெனோஸ் ஓவியர் தீட்டிய கிண்ணத்தில், இளம் ஹெராக்ளீஸின் பின்னால் கெரோப்ஸோ என்ற கிழவி கோலூன்றி நடக்கிறாள். பச்சை குத்திய கை, நரைத்த தலை. அவளுடைய எஜமானிகள் யாருக்கும் கிடைக்காத தனி முகம் அவளுக்குக் கிடைத்தது. அழகாகக் காட்ட வேண்டிய கட்டாயம் அவள் விஷயத்தில் ஓவியருக்கு இல்லை.

மெல்லிய துணியிலிருந்து வீனஸ் வரை

கி.மு. 420க்குப் பிறகு மெய்டியாஸ் ஓவியர் துணியை ஈரத்தில் நனைத்ததுபோல உடலோடு ஒட்டவைத்தார். முழுக்க உடுத்தியிருந்தும் தொடையும் வயிறும் கோடுகளுக்கிடையே தெரிகின்றன. பெண்ணின் இடுப்பும் தோளும் இப்போது பெண்ணுடையவையே. பயிற்சிக்கூட இளைஞன் மறைந்துவிட்டான்.

பலகை ஓவியத்தில் இந்த மாற்றத்தை ஸியூக்சிஸின் கதை காட்டுகிறது. ஹீராவின் கோவிலுக்காகப் புராணப் பேரழகி ஹெலனை வரைய வந்த அவர், ஊரின் ஐந்து கன்னியரைத் தேர்ந்து, ஒவ்வொருத்தியிடமிருந்தும் சிறந்ததை எடுத்துச் சேர்த்தாராம். ப்ளினி, ரோமானியப் பேச்சாளர் சிசெரோ இருவரும் இதைச் சொல்கிறார்கள். ஊர் எது என்பதில் மட்டும் முரண்படுகிறார்கள். சிசெரோ தரும் ஒரு விவரம் அரிதாகவே மேற்கோள் காட்டப்படுகிறது. அழகிய பெண்கள் எங்கே என்று ஸியூக்சிஸ் கேட்டபோது, ஊரார் அவரை முதலில் மல்யுத்தக் கூடத்துக்கு அழைத்துச் சென்று இளைஞர்களைக் காட்டினார்கள். இவர்களுடைய தங்கைகளை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஸ்மிக்ராவின் தோள்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டாம்.

நான்காம் நூற்றாண்டில் பிராக்சிட்டலீஸ் காதல் தேவியான அஃப்ரொடைட்டியை (ரோமானியரின் வீனஸ்) ஆடையில்லாமல் செதுக்கியதும், அப்பெலீஸ் கடலிலிருந்து எழுந்து கூந்தலைப் பிழியும் அஃப்ரொடைட்டியைத் தீட்டியதும் ஒரே திசையில் நடந்தவை. தேவியே ஆடையின்றி நின்றபோது பழைய இழிவு விலகியது. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் அப்பெலீஸின் அந்த ஓவியத்தை ரோமுக்குக் கொண்டுபோனார். அடிப்பகுதி சிதைந்தபோது திருத்த யாராலும் முடியவில்லை என்கிறார் ப்ளினி. அதற்கு முகம் தந்தவள் பங்கஸ்பே என்று சிலர் சொன்னதாகவும் எழுதுகிறார். அலெக்சாண்டரின் ஆசைநாயகியான அவளை வரையும்போது அப்பெலீஸ் காதல்கொண்டார் என்றும், அலெக்சாண்டர் அவளைப் பரிசாகக் கொடுத்துவிட்டார் என்றும் கதை. மன்னனின் பெருந்தன்மையைப் புகழும் ப்ளினி, அவளுடைய மனத்தை அவர் கருதவில்லை என்பதையும் குறித்துவைத்திருக்கிறார்.

எழுத்தில் அல்லாமல் கண்ணால் காணக் கிடைப்பது வட கிரீஸில் உள்ள வெர்ஜீனாவின் கல்லறைச் சுவர். 1977இல் தொல்லியலாளர் மனோலிஸ் அந்த்ரோனிகோஸ் அங்கே கண்டெடுத்த ஓவியத்தில், பாதாள உலகின் தேவன் ஹேடீஸின் தேர் பாய்கிறது. அவன் கைப்பிடியில் பெர்செஃபோனி பின்னோக்கி வளைந்து, இரு கைகளையும் வெளியே வீசுகிறாள். மேலாடை நழுவியிருக்கிறது. கோடுகள் வேகமானவை, சாயல் தீட்டியவை. அடுத்த சுவரில் அவளுடைய தாய் டிமீட்டர் தனியாக, பாறைமேல் அமர்ந்திருக்கிறாள். பெண்ணுடல் இங்கே உண்மையான எடையோடும் திருகலோடும் இருக்கிறது. அந்தத் திறமை முழுவதும் ஒரு கடத்தலைக் காட்டச் செலவாகியிருக்கிறது.

தூரிகை பிடித்த பெண்கள்

ப்ளினி சில பெண் ஓவியர்களின் பெயர்களைத் தருகிறார். மைக்கோனின் மகள் திமரேட்டே, கிராட்டினஸின் மகள் ஐரினி. சிஸிகஸ் நகரத்து இயாயா ரோமில் வேலை செய்தவர்; பெண்களின் உருவங்களையே பெரிதும் வரைந்தார்; அக்காலத்து ஆண் ஓவியர்களைவிட அதிக ஊதியம் பெற்றார். நேப்பிள்ஸில் ஒரு கிழவியைப் பெரிய பலகையில் தீட்டினார். கண்ணாடியைப் பார்த்துத் தன்னையும் வரைந்தார். இவற்றில் எதுவும் இன்று இல்லை.

இருப்பது வேறொன்று. கி.மு. 460–450 அளவில் லெனின்கிராட் ஓவியர் என்று அழைக்கப்படுபவர் ஒரு தண்ணீர்க் குடத்தின் தோளில் ஒரு பட்டறையை வரைந்தார். உலோகப் பாத்திரப் பட்டறை என்று கருதுபவர்களும் உண்டு. அதீனாவும் இரண்டு வெற்றித் தேவதைகளும் வந்து, வேலை செய்யும் மூன்று ஆண்களுக்கு மாலை சூட்டுகிறார்கள். வலது ஓரத்தில், ஒரு மேடைமேல், முழுதாக உடுத்திய பெண் ஒருத்தி அமர்ந்து பெரிய மதுச்சாடியின் கைப்பிடியைத் தூரிகையால் தீட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு மாலை கொண்டுவர யாரும் இல்லை. அவள் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. கண் சாடியின்மேல் இருக்கிறது.